எல்லைக்குள் விழுந்த லீக்ஸ்

தோட்டத்துக்கு வந்த முதல் வாரம் என்னைத் தொந்தரவு செய்தது ஹாரன் சத்தம்தான். கோலா சிலாங்கூரிலிருந்து சபாக் போகும் பெரிய சாலையை விட்டுப் பிரிந்து, கித்தா என்று இங்கே சொல்லும் கிழட்டு ரப்பர் மரங்களுக்கும் புதிதாக நட்ட செம்பனைக்கும் நடுவே எங்கள் பாதை வரும். அதில் ஒரு வளைவு. அங்கே வீடு இல்லை, கடை இல்லை, குறுக்கே வர ஆளும் இல்லை. ஆனாலும் எந்த வண்டியும் அந்த இடத்தில் இரண்டு முறை ஹாரன் அடிக்காமல் போகாது. தமிழரின் மோட்டார் சைக்கிள், சீனரின் காய்கறி லோரி, மலாய்க்காரரின் பள்ளிக்கூட பஸ் எல்லாம் அப்படியே. வளைவின் உட்புறம் ஒரு மழைமரம். அதன் அடியில் எண்ணெய் தடவிய ஒரு கருங்கல், ஒரு சூலம், நான்கு மூலையிலும் சுண்ணாம்பு அடித்த நான்கு கற்கள். கற்களுக்கு உள்ளே இருப்பது முனியாண்டியின் எல்லை. இரண்டு பூப்பந்து மைதானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் அளவு இடம். எங்கள் நாட்டில், கொழும்பிலிருந்து வடக்கே போகும் காட்டுப் பாதையில் பிள்ளையாரைக் கண்டால் வண்டியை நிறுத்தி, இறங்கி, தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக் கொறித்துவிட்டுத்தான் போவோம். இங்கே யாரும் நிறுத்துவதில்லை. 'வருகிறேன், போகிறேன், பார்த்துக்கொள்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். சாமியோடு நின்று பேச அஞ்சும் ஊர் இது என்று அப்போது நினைத்தேன்.

நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தவன். அந்த வேலையும் அந்த ஊரும் இல்லாமல் போனபின், என் தாயின் தம்பி இங்கே தோட்டத்துக் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்ததால் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தோட்ட ஆபீசில் தட்டச்சு அடிப்பது என் வேலை. மாமா இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் தோட்டத்து ஆட்கள் அவரையும் என்னையும் சேர்த்து 'சிலோன்காரங்க' என்றே சொன்னார்கள். அவர்களுடைய தகப்பன்களும் பாட்டன்களும் திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். ஒரே மொழி பேசினோம். ஆனால் என் பேச்சைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். அவர்கள் பேச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது ஆண்டு, சீனப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு காலையில் கேமரன் மலையிலிருந்து வந்த காய்கறி லோரி அந்த வளைவில் பக்கவாட்டில் சாய்ந்தது. வடக்கே உள்ள சீனர் கடைகளுக்குப் பெருநாள் சரக்காகப் போக வேண்டிய லோரி அது. ஏறக்குறைய முழுவதும் லீக்ஸ், தடித்த வெங்காயத்தாள் போன்ற மலைக் காய்கறி. லோரியில் உதவியாளாக இருந்தவர் எங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருந்த செல்வராஜு. பழைய கித்தா மரங்களை வெட்டிச் சாய்த்தபோது பால்வெட்டு வேலை போய், லோரியில் ஏறியவர். போகிற வழியில் வீட்டில் கொஞ்சம் காய்கறி இறக்கிவிட்டுப் போவது அவர் வழக்கம். அதற்காகத்தான் லோரி எங்கள் பாதைக்குள் வந்தது. ஓட்டி வந்த சீனருக்குத் தோள் எலும்பு முறிந்தது. செல்வராஜுவுக்குத் தலையில் அடி. கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கிள்ளானுக்கு அனுப்பினார்கள். நினைவு இல்லை. லோரி ஹாரன் அடித்ததா என்று ஆள் ஆளிடம் கேட்டுப் பார்த்தேன். கேட்டேன் என்றார் ஒருவர், கேட்கவில்லை என்றார் இன்னொருவர். செய்தி எழுதுவதாக இருந்தால் அந்த வரியை விட்டுவிட்டிருப்பேன்.

கூடைகள் எல்லாம் சுண்ணாம்புக் கற்களுக்கு உள்ளே கொட்டிக் கிடந்தன. வெள்ளைத் தண்டு, பச்சைத் தாள், நுனியில் மலை மண் ஒட்டிய வேர். மத்தியானம் சரக்கின் சொந்தக்காரர், ஒரு சீனத் தவுக்கே முதலாளி, காரில் வந்தார். சாலையிலேயே நின்றார். எல்லைக்குள் கால் வைக்கவில்லை. கூடைகளை நிமிர்த்திக்கொண்டிருந்த எங்களைப் பார்த்துக் கையை வீசினார்.

"அம்பில், அம்பில்! செமுவா அம்பில். சாயா தாமாவ்!"

எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம் என்கிறார் என்பது எனக்கு விளங்கியது. அருகில் போய் ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன், கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போனார். வீட்டில் இதைப் பெருந்தன்மை என்று நான் சொன்னபோது மாமா பேப்பரை மடித்து வைத்தார்.

"பெருந்தன்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ரத்தம் பட்ட சரக்கைப் பெருநாளுக்கு எவன் விப்பான்? அந்தத் தோசத்தை உன்னட்டத் தள்ளிவிட்டிட்டுப் போயிட்டான். நீ கையும் நீட்டியிருக்கிறாய்."

தோட்டத்துக்காரர்களும் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அதற்கு வேறு காரணம். முனியாண்டிக்குப் பூசை செய்பவர் மண்டோர் காத்தமுத்து. வேலையாட்களை மேய்க்கும் மேஸ்திரியைத்தான் இங்கே மண்டோர் என்கிறார்கள். அங்கே பூசை நடக்கும்போது ஆண்கள் மட்டும் உள்ளே போவார்கள். ஆட்டை வெட்டி அங்கேயே சமைத்து, அங்கேயே சாப்பிடுவார்கள். ஒரு துண்டுகூட வீட்டுக்குப் போகக் கூடாது. மிஞ்சியதை அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். பெண்கள் கல்லுக்கு வெளியே நின்று கும்பிடுவார்கள், ஒரு பருக்கையும் சாப்பிட மாட்டார்கள். கல்லுக்குள் விழுந்தது எதுவானாலும் இந்த முறைதான் என்று மண்டோர் அன்று மாலை சொன்னார்.

"இது ஆடு இல்லையே, காய்கறிதானே" என்றேன்.

"என்னாவா இருந்தா என்னா தம்பி. கல்லுக்குள்ள விழுந்துச்சு, அவரோடது. இங்கயே தின்னு முடிக்கணும். ஒரு தாளு வெளிய போச்சின்னா அங்க ஒருத்தன் படுத்திருக்கானே, அவன எடுத்துக்குவாரு. கணக்கு அவருக்குச் சரியாயிடும்."

அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. கல்லுக்கு வெளியே, கிள்ளானிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கி நின்ற செல்வராஜுவின் மனைவி அஞ்சலைக்கும் அது கேட்டது. அவள் கூடைகளை மட்டும் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

சிக்கல் என்னவென்றால் அவர்களில் யாருக்கும் அதைச் சமைக்கத் தெரியாது. 'சீனன் வெங்காயத்தாளு' என்று பெயர் வைத்தார்கள். முதல் நாள் வெங்காயத்தாள் போலவே துண்டு துண்டாக நறுக்கிக் கருவாட்டோடு வதக்கினார்கள். பல்லில் மணல் கடித்தது. லீக்ஸின் தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வளரும். வளர்ந்த இடத்து மண் அந்த மடிப்புகளுக்குள் இருக்கும். நீளவாக்கில் கீறி, தண்ணீரில் விரித்து அலசினால்தான் போகும். நான் ஒரு தண்டைக் கீறிக் காட்டினேன். வாளியின் அடியில் கறுப்பாக மலை மண் படிந்தது. காத்தமுத்துவுக்குக் கீழே வேலை செய்யும் மணியம், வாயைத் திறந்தால் கேலியும் இந்த ஊர் 'லா'வும் இல்லாமல் மூட முடியாதவன், உரக்கச் சொன்னான்: "மண்டோர், சிலோன்காரருக்குத் தெரியுது லா! பேப்பர்ல எழுதி எழுதி இதத்தான் தின்னுருப்பாரு போல."

பொய் இல்லை. கொழும்பில் எங்கள் பத்திரிகைக்காரர்கள் ஆறு பேர் ஒரு வீட்டை எடுத்துத் தங்கியிருந்தோம். நுவரெலியாவிலிருந்து லீக்ஸ் லோரி லோரியாக வந்து இறங்கும் நாட்களில் அதுதான் எங்களுக்குக் காலையும் மாலையும். வெள்ளைப் பகுதியை விரல் நீளத்துக்கு வெட்டி, வெந்தயமும் மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்டு, தேங்காயின் இரண்டாம் பாலில் வேகவிட்டு, முதற்பால் விட்டு இறக்கினால் பால்கறி. பச்சைத் தாளை மயிரிழையாக அரிந்து, மாசிக் கருவாட்டுத் தூளும் காய்ந்த செத்தல் மிளகாயும் துருவிய தேங்காய்ப்பூவும் போட்டுத் தண்ணீர் படாமல் புரட்டினால் வறை. ஓரங்கட்டிய முரட்டுத் தாள்கள் பருப்போடு வேகும். மிஞ்சிய வறை அடுத்த நாள் ரொட்டி மாவுக்குள் போகும். தமிழர் வீடுகளைக் கொளுத்தத் தொடங்கி, ஊரடங்குச் சட்டம் போட்ட அந்த மத்தியானம், பக்கத்து வீட்டுக்காரர் மதிலால் எட்டிப் பார்த்து உடனே போகச் சொன்னபோது, குசினியில் அடுப்புப் பக்கம் ஒரு பேசின் நிறையக் கீறிய லீக்ஸ் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. கதவைப் பூட்டினோமா என்பது நினைவில்லை. அந்தப் பேசின் நினைவிருக்கிறது.

ஆகவே முனியாண்டியின் எல்லைக்குள் நான் சமையல்காரன் ஆனேன். மாசிக்குப் பதில் நெத்திலியை இடித்துப் போட்டேன். பால்கறியை முதல் முறை வாயில் வைத்த மண்டோர், இப்படி ஒரு ருசியை இந்தத் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை என்றார். வேலை முடிந்து ஆண்கள் வருவார்கள். கால் கழுவி உள்ளே வந்து வாழை இலையில் உட்காருவார்கள். ஒரு நாள் கண்ணி வைத்துப் பிடித்த காட்டுப்பன்றியை லீக்ஸும் சோயாவும் போட்டு வறுத்தோம். அது சீனர் முறை, மணியம் எங்கோ பார்த்து வந்தது. ஒரு நாள் மிளகாய் அரைத்துப் போட்ட சம்பால். ஒரு நாள் வெறும் உப்பும் தீயும்: முழுத் தண்டுகளைக் கரியில் போட்டு, கருகிய மேல்தோலை உரித்து எறிந்துவிட்டு உள்ளே இருந்த வெண்மையை உறிஞ்சினோம். எறிந்த தோலையும் பொறுக்கிப் பின்னால் குழியில் போட வேண்டும். சிரிப்பும் கேலியுமாகத் தொடங்கிய சாப்பாடு மூன்றாம் நாளிலேயே ஒரு வேலையாகிவிட்டது. இலையில் கை வைத்தபடியே ஒருவர் மண்டோரிடம் முறையிட்டார்.

"வேர்வையே நாறுது மண்டோர். நேத்து எம் பொண்டாட்டி பாயத் தூக்கிகிட்டு வாசலுக்குப் போயிட்டா."

"தின்னு லா. ஒரு மனுசன் உசுரு."

"தின்னுகிட்டுத்தான் இருக்கேன். கூடை கொறைய மாட்டேங்குதே."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. லீக்ஸ் வதங்கும்போது கால்வாசியாகச் சுருங்கிவிடும். ஒரு கூடை ஒரு சட்டிக்குள் அடங்கும். கணக்குப்படி சரக்கு வேகமாகத்தான் தீர்ந்துகொண்டிருந்தது. ஆனால் மாலையில் மழைமரம் தன் இலைகளை மூடிக்கொள்ளும் நேரத்தில், அந்த மங்கலில், அடுக்கிய வெள்ளைத் தண்டுகள் முன்னைவிட அதிகமாகத் தெரிந்தன. இன்னொன்றும் கவனித்தேன். தோட்டத்து நாய்கள் ஆட்டுப் பூசைக்குக் கல்லைச் சுற்றி நிற்கும். இப்போது ஒன்றும் வரவில்லை. காக்கையும் வரவில்லை. இந்த வாடை அவற்றுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை சோறு சிந்திய இடம் அவ்வளவு சுத்தமாகக் கிடப்பதைப் பார்க்க நன்றாக இல்லை.

அஞ்சலை தினமும் காலையில் கிள்ளானுக்குப் போய் மாலையில் வந்து அதே கல்லின் அருகே நிற்பாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு தம்பி?"

"ஏழு கூடை இருக்கும் அக்கா. அவருக்கு எப்படி?"

"அப்படியேதான். மூக்குல குழா போட்டுப் பாலு ஊத்துறாங்க." கையிலிருந்த பையை மாற்றிப் பிடித்தாள். "நர்ஸ் மிஸ்ஸி கேட்டுச்சு, யாரு இவருக்கு வெங்காயம் குடுத்ததுன்னு. வாயி மணக்குதாம். நானும் கிட்ட போயி மோந்து பாத்தேன்."

"உங்கட உடுப்பில இருந்து வந்திருக்கும் அக்கா. இந்தப் புகையில தானே நிக்கிறீங்கள்."

"நா குளிச்சி, துணி மாத்தித்தான் போறேன்" என்றாள். என்னோடு வாதம் செய்யவில்லை. ஒரு தகவலாகச் சொன்னாள்.

கடைசியில் ஆண்களால் முடியவில்லை. இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒருவர் வாசனை பட்டதும் வாந்தி எடுத்தார். பெருநாளும் வந்துவிட்டது, தூரத்துக் கிராமத்துச் சீனர் கடைகளில் வெடிச்சத்தம் கேட்டது. மிஞ்சியதைப் புதைப்பதுதான் முறை என்று மண்டோர் முடிவு செய்தார். அந்த முறை எலும்புக்கும் சோற்றுக்கும் ஏற்பட்டது. பச்சையாக, வேரோடு ஒரு பொருள் மிஞ்சும் என்று இதை ஏற்படுத்திய யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். மழைமரத்தின் வேர் குறுக்கே ஓடியதால் ஆழமாகத் தோண்டவும் முடியவில்லை. முழங்கை ஆழத்தில் ஒரு நீளக் குழி. அதில் தண்டுகளை வரிசையாகச் சாய்த்து வைத்து மண்ணைத் தள்ளினார்கள். பால்வெட்டிகள் எதையும் ஒழுங்காக அடுக்கிப் பழகியவர்கள். புதைப்பதிலும் அந்த ஒழுங்கு இருந்தது.

பிறகு மழை. அந்தப் பருவத்தில் அப்படிப் பெய்வதில்லை என்றார்கள். மழை விட்ட காலையில் மணியம் ஆபீசுக்கு ஓடி வந்து என்னை அழைத்துப் போனான். குழி இருந்த இடம் முழுக்க மண்ணைக் கீறிக்கொண்டு வெளிர்பச்சைத் தாள்கள் நின்றன. ஓர் ஒழுங்கான வரிசை. தோட்டத்து ஆண்கள் கல்லுக்குள்ளே அதைச் சுற்றி நின்றார்கள். யாரும் தொடவில்லை.

"வாங்கிக்கல" என்றார் மண்டோர். "பொதைச்சத வெளிய தள்ளிட்டாரு. எல்லாத்தையும் புடுங்கி எரிச்சிட்டு ஒரு கெடா வெட்டிற வேண்டியதுதான்."

ஒருவர் குனிந்தார். அப்போதுதான் கல்லுக்கு வெளியே இருந்து அஞ்சலையின் குரல் வந்தது. அவள் கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பை இருந்தது.

"கைய வைக்காதீங்க! ஒரு தாள புடுங்குனீங்க, நா உள்ள வந்துருவேன்."

அவள் வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். வேறு எதைச் சொல்லி மிரட்டியிருந்தாலும் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு பெண் கல்லைத் தாண்டுவதைப் பார்க்க அந்த ஆண்கள் யாரும் தயாராக இல்லை. குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார்.

"பொதைச்சது உசுரோட நிக்குது. அவரும் அங்க உசுரோடதான் இருக்காரு. புடுங்கிப் போட்டுட்டு என்னா செய்யப் போறீங்க? நீங்க சொல்லுங்க தம்பி, இது நிக்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தெரிந்ததைச் சொன்னேன். வேர் இருந்தால் முளைக்கும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இது குளிரில் வளர்வது. இந்த வெயிலில் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது, அழுகிவிடும். சரியான தகவல்தான். சொல்லி முடித்தபின்தான், ஒரு மனுசனின் உயிருக்கு நான் தவணை குறித்திருக்கிறேன் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"குளிருதானே வேணும்?" என்றாள்.

அன்று மாலை கிள்ளானிலிருந்து திரும்பும் வழியில் கோலா சிலாங்கூரில் இறங்கி, மீனவர் படகுத்துறையில் மீனுக்குப் போடும் ஐஸ்கட்டியை மரத்தூள் போட்டுச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் தன் காலடியில் வைத்துக் கொண்டுவந்தாள். கல்லுக்கு வெளியே வைத்து என்னைக் கூப்பிட்டாள்.

"நீங்கதான் இத நம்பாதவரு. உங்கள ஒன்னும் செய்ய மாட்டாரு. உள்ள கொண்டு போயி சுத்திப் போட்டுடுங்க."

நம்பாதவன்தான். கோடரியின் பின்புறத்தால் உடைத்து, தாள்களைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குக் குவித்தேன். மண்டோர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அடுத்த நாள் நீப்பா ஓலையால் ஒரு பந்தல் போட்டுக் கொடுத்தது அவர்தான். அதன்பின் ஐஸ் ஒரு வழக்கமாயிற்று. அஞ்சலை கொண்டுவராத நாளில் மணியம் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தான். சூடேறிய மண்ணின் மீது ஐஸ் கரையும்போது தரையோடு ஒரு வெள்ளைப் புகை எழும். கொதிக்கும் பிற்பகலில் சாலையில் தார் உருகிக் கிடக்க, கல்லைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் முழங்காலுக்குக் கீழே மட்டும் மலை நாட்டுக் காலை போல இருக்கும். நான் அந்தக் குளிரில் கொஞ்சம் கூடுதலாகவே நின்றேன் என்று இப்போது தோன்றுகிறது. தாள்கள் வாடவில்லை. தடித்தன.

செல்வராஜு கண் திறந்த அன்று அஞ்சலை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வரவில்லை. ஐஸ் சாக்கைத் தரையில் வைத்தாள், ஆனால் என்னை அழைக்கவில்லை. நானே போனேன்.

"முழிச்சிட்டாரு தம்பி. என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு."

"நல்லது தானே அக்கா! பிறகேன் இப்பிடி நிக்கிறீங்கள்?"

"குளிருதுங்கறாரு. மொத சொல்லே அதுதான். நாலு கம்பிளி போட்டுட்டேன், போவல."

காய்ச்சலாக இருக்கலாம், அவ்வளவு நாள் படுத்த உடம்பில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், ஆஸ்பத்திரி விசிறி இருக்கிறது என்று சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"மேல சூடாத்தான் இருக்கு. முட்டிக்குக் கீழதான். தொட்டுப் பாத்தேன். மீனு மாரி இருக்கு."

இருவரும் பந்தலைப் பார்த்தோம். ஐஸ் என் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. அந்த அளவை வைத்தவன் நான்தான். சாக்கிலிருந்து தண்ணீர் கசிந்து சாலை ஓரத்து மண்ணில் கோடு போட்டது. ஐஸை நிறுத்தினால் தாள் அழுகும். போட்டால் அவருக்குக் குளிரும். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் வாய்வரை வந்தது. அதைச் சொல்லி, அவள் ஐஸை நிறுத்தி, பிறகு ஏதாவது நடந்தால்? பத்திரிகையில் பத்து வருஷம் நம்பகமான தகவல் எது என்று பிரித்துப் பார்த்தவன், சாக்கிலிருந்து கசிந்த கோட்டைச் செருப்பால் அழித்துக்கொண்டு நின்றேன்.

அவளேதான் முடிவெடுத்தாள். சாக்கை என் பக்கம் தள்ளினாள்.

"குளிரட்டும் தம்பி. உசுரோட குளிரட்டும். போடுங்க."

அவர் வீட்டுக்கு வந்தபோது பங்குனி வெயில். கேமரன் மலையில் வாங்கிய கம்பளிச் சட்டையும் இரண்டு சோடிக் காலுறையும் போட்டுக்கொண்டு, லயத்து வாசலில் நடுவெயிலில் உட்கார்ந்திருப்பார். வேர்க்காது. பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்க்கும். அஞ்சலை அவர் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பாள்; மாலை ஆனதும் எழுந்துபோய் ஐஸ் சாக்கை எடுத்து வருவாள். அவர் நன்றாக நடக்கத் தொடங்கியதும் மண்டோர் சொன்னார்: இதை இனி மற்றவன் தின்னக் கூடாது, அவனே தின்று முடிக்கட்டும், கல்லுக்குள்ளே வைத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அவரை உள்ளே அழைத்துப் போனோம். செல்வராஜு தானே குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பெரும்பாலானவை மண்ணுக்குள் அழுகியிருந்தன. ஒரு கைப்பிடி தேறியது. நான் சமைத்தேன். வெள்ளைப் பகுதியில் பால்கறி, பச்சையில் வறை. வேரை என்ன செய்வது என்று ஒரு குழப்பம் வந்தது. வெளியே கொண்டுபோகக் கூடாது. புதைத்தால் என்ன ஆகும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். மண் போகக் கழுவி எண்ணெயில் பொரித்தேன். மொறுமொறுவென்று நன்றாகவே இருந்திருக்கும்.

செல்வராஜு சோற்றில் பால்கறியைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார். லோரி சாய்வதற்கு முன் அவரோடு நான் பேசியதுகூட இல்லை.

"இதேதான்" என்றார். "தெனமும் இதத்தான குடுத்தீங்க."

"எங்க அண்ணை?"

"அங்கதான். ஆறு பேரு ஒக்காந்து சாப்பிடுவாங்களே. சின்ன அடுப்படி. ஒரு பேசின்ல ஊற வச்சிருந்தீங்களே, தீரவே இல்ல."

எல்லைக்குள் இருந்த வேறு யாருக்கும் அது புரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில் இருந்திருக்கும் என்றார் மண்டோர். நோயாளிக்குப் பல கனவு வரும். நானும் தலையை ஆட்டினேன். கொழும்பு வீட்டைப் பற்றி நான் இந்தத் தோட்டத்தில் யாரிடமும் சொன்னதில்லை, மாமாவிடம்கூட.

அவர் இலையில் இருந்த எல்லாவற்றையும் தின்றார். பொரித்த வேரையும் தின்றார். மூன்றாவது முறை சோறு வாங்கும்போது நெற்றியில் ஒரு துளி தெரிந்தது. பிறகு கழுத்தில். "வேர்க்குது" என்று சொல்லிவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர்போல எங்களைப் பார்த்தார். கம்பளிச் சட்டையைக் கழற்றினார். வெளியே கல்லருகே நின்ற அஞ்சலை அதைப் பார்த்தாள். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா சிரிப்பா என்று நான் குறித்துக்கொள்ளவில்லை.

சட்டியைக் கழுவிக் கவிழ்த்தபின் மணியம் என் முதுகில் தட்டினான்.

"சிலோன்காரரே, இனிமே நீங்க எங்க ஓடுனாலும் அவரோட எல்லதான் லா. இவ்வளவு தின்னுருக்கீங்க. வயித்துலயே ஸ்டாம்பு குத்தியாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுவாரம் தங்கும் அனுமதியை நீட்டிக்கக் கோலாலம்பூர் போனேன். பெரிய கட்டடம், ஏர்கண்டிஷன் ஓடும் கூடம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டியபடியே கேட்டார்.

"பாலிக் பிலா?"

எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்கிறார். அது விளங்குமளவுக்கு மலாய் வந்திருந்தது. பதிலும் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"பாலிக் மானா?" என்றேன். எங்கே திரும்பிப் போவது?

எனக்கு மொழி தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். கோபிக்கவில்லை. ஒரு குழந்தையிடம் கேட்பதுபோல, சொல்லுக்குச் சொல் நிறுத்தி மறுபடி கேட்டார். பாலிக். பிலா. கண்ணாடியின் கீழே இருந்த துவாரத்துக்குள் பாஸ்போர்ட்டுக்காக நீட்டிய என் கை இன்னும் அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் இருந்த பகுதி, மணிக்கட்டு வரைக்கும், கல்லைத் தாண்டி உள்ளே வைத்த கால் போலக் குளிர்ந்திருந்தது. இந்தப் பக்கம் வியர்த்துக்கொண்டிருந்தது.